மார்கழியில் போட்ட விதை முளைக்கவில்லையா? முதலில் ஒன்றைத் தோண்டிப் பாருங்கள்

கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் வீட்டுத் தோட்டத்துக்கு விதை போட நல்ல காலம்தான். ஆனால் "போட்டது ஒன்றும் வரவில்லை" என்ற புலம்பல் அதிகம் கேட்பதும் இந்த மூன்று மாதத்தில்தான். காரணம் கேட்டால் குளிர் என்பார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தப் பதில் அநேகமாகச் செல்லாது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது, பகலில் 30 வரை ஏறிவிடும். தக்காளிக்கும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் முளைக்க இது தாராளம். பேச்சிப்பாறை, கீரிப்பாறை என்று மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குச் சில நாள் தாமதமாகும், அவ்வளவுதான். விதைத் தட்டுக்கு அடியில் சூடாக்கும் விரிப்பு, ஃபிரிட்ஜில் ஆறு வாரம், வீட்டுக்குள் விளக்கு என்று காணொளிகளில் காட்டுவதெல்லாம் பனி கொட்டும் ஊர்க்காரர்களுக்கான ஏற்பாடு. இங்கே விதையைக் கெடுப்பது ஈரமும் வெளிச்சக் குறைவும் பழைய விதையும்தான். கொட்டை என்றால் அது மரத்திலிருந்து விழுந்து எத்தனை நாள் ஆனது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் மருந்து வாங்க ஓடுவதற்கு முன் ஒரு வேலை. ஈர்க்குச்சியால் மண்ணைக் கிளறி, போட்ட விதையில் ஒன்றிரண்டை வெளியே எடுங்கள். உள்ளங்கையில் வைத்து நகத்தால் அழுத்துங்கள். கீழே சொல்லப்போவதில் பாதி அந்த ஒரு அழுத்தலிலேயே தெரிந்துவிடும்.

மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை

முதலில் நாள் கணக்கு. முள்ளங்கி மூன்று நான்கு நாளில் தலை நீட்டும், வெண்டை ஐந்தாறு நாள், தக்காளி ஒரு வாரம், கத்தரி ஏழு முதல் பத்து நாள், மிளகாய் இரண்டு வாரம்கூட எடுக்கும். கேரட்டும் கொத்தமல்லியும் சோம்பேறிகள், பத்துப் பன்னிரண்டு நாள் பொறுக்க வேண்டும். பப்பாளி மூன்று வாரம். இதற்குள் என்றால் தோண்டவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

நாள் கடந்துவிட்டதா, தோண்டியாயிற்றா, சரி. விதை பிசுபிசுவென்று நசுங்கி, உள்ளே இருந்து புளித்த வாடையோடு வெள்ளையாகப் பிதுங்கினால் அது அழுகிவிட்டது. மார்கழியில் பத்துக்கு ஏழு கேஸ் இதுதான். பாகற்காய், புடலை, தடியங்காய் போன்ற கொடி விதைகளில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் "இரவு ஊற வைத்துப் போடு" என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு ஊற வைத்துவிட்டு, ஏற்கெனவே மழையில் ஊறிக் கிடக்கும் மண்ணில் கொண்டுபோய்ப் போடுகிறோம். விதை தண்ணீர் குடித்துவிட்டது, அடுத்து அதற்கு மூச்சு வேண்டும், மண்ணில் காற்று இல்லை. மழை விடாத வாரத்தில் ஊற வைக்கவே வேண்டாம், வைத்தாலும் ஆறு மணி நேரம் போதும். பாகலுக்கு அதைவிட நல்ல வழி, விதையின் கூர்ந்த நுனியை நகவெட்டியால் லேசாக உடைத்து, ஈரத்துணியில் சுற்றி, மூடி இறுக்காத டப்பாவில் போட்டுச் சமையலறையில் வைப்பது. துணியைப் பிழிந்தால் சொட்டக் கூடாது. வெள்ளை மூக்கு எட்டிப் பார்த்ததும் எடுத்து மண்ணில் கிடத்தி நட்டுவிடலாம், அழுகலுக்கு நேரமே கிடைக்காது.

மண்ணையும் மாற்ற வேண்டும். நம் செம்மண்ணை மட்டும் பையில் நிரப்பினால் இரண்டு மழையில் செங்கல். விதைக்கும் மண்ணுக்கு ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய உரம், இரண்டு பங்கு மணல் என்று இந்தப் பருவத்தில் மணலைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆற்றுமணல் கிடைப்பது கஷ்டம்தான், எம் சாண்ட் என்றால் தூளைக் கழுவிவிட்டுப் போடுங்கள், கழுவாத எம் சாண்ட் தண்ணீரை இறங்கவிடாமல் அடைத்துக்கொள்ளும். சிரட்டையில் விதைக்கிறவர்கள் கண்ணைக் குத்தித் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண் அடைபட்ட சிரட்டை வெறும் கிண்ணம்.

தோண்டும்போது விதை போட்டபடியே கெட்டியாக, உலர்ந்து இருந்தால் கதை வேறு. மழை ஓய்ந்த தை மாதத்தில், அதுவும் ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் காற்று அடிக்கிற இடத்தில், மேல்மண் மதியத்துக்குள் காய்ந்துவிடும். கீரை, கேரட் மாதிரி மேலோட்டமாகத் தூவியவை ஒரு தடவை ஈரம் குடித்து, முளை கிளம்பி, அந்த மதியத்தில் செத்திருக்கும். இதற்கு ஈரச் சாக்கு அல்லது பழைய வேட்டியைப் பாத்தி மேல் விரிப்பது ஒன்றே வழி. முதல் முளை தெரிந்த அன்றே துணியை எடுத்துவிட வேண்டும், மறந்தால் முளை துணியோடு வரும்.

கெட்டியாக இருக்கிறது, மண்ணும் ஈரமாகத்தான் இருக்கிறது என்றால் விதை பழசு, அல்லது தோல் தடித்தது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் பரிசோதித்த நாளும் செல்லத்தக்க கடைசி நாளும் அச்சடித்திருக்கும், பொதுவாகப் பரிசோதனையிலிருந்து ஒன்பது மாதம். கடைசி நாள் தாண்டினால் எல்லாம் செத்துவிடும் என்று இல்லை. தக்காளியும் கத்தரியும் ஒழுங்காக வைத்திருந்தால் இரண்டு மூன்று வருடம் தாங்கும். வெங்காய விதையும் கேரட்டும் தாங்காது. சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் போட்டுப் பாருங்கள். ஏழு முளைத்தால் தாராளமாக விதைக்கலாம், நான்கு முளைத்தால் இரட்டிப்பாகத் தூவலாம், ஒன்று இரண்டு என்றால் குப்பைக்கு. நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரத்துக்கு, திறந்த பாக்கெட்டைச் சமையலறை அலமாரியில் சொருகி வைப்பதைப் போல விதைக்குக் கெடுதல் இல்லை. மூடி இறுகிய பாட்டிலில், கொஞ்சம் சாம்பலோ சிலிக்கா பொட்டலமோ போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள். ஃபிரிட்ஜுக்குக் காய்கறி விதை விஷயத்தில் இங்கே உள்ள வேலை இது ஒன்றுதான்.

கொத்தமல்லி வரவில்லை என்றால் பெரும்பாலும் முழு மணியாகப் போட்டிருப்பீர்கள். ஒரு மணியில் இரண்டு விதை. சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக்கிப் போடுங்கள். பப்பாளி வரவில்லை என்றால் விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பான உறையை எடுக்காமல் போட்டிருப்பீர்கள், சாம்பலில் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்தினால் போகும்.

தோண்டிய இடத்தில் விதையே இல்லையா? எறும்பு. கீரை விதையை வரிசை கட்டித் தூக்கிக்கொண்டு போகும். பாத்தியைச் சுற்றி நொய்யைத் தூவிவிட்டால் அதைச் சுமக்கவே அதற்குப் பொழுது சரியாக இருக்கும், அதற்குள் கீரை முளைத்துவிடும். பாட்டிமார் வழி, இன்றுவரை இதைவிட மலிவானதை நான் பார்க்கவில்லை.

கடைசியாக ஒன்று: வெள்ளை முளை வந்திருக்கிறது, ஆனால் வளைந்து மண்ணுக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. மழை அடித்து மேல்மண் ஓடு கட்டிவிட்டது, இல்லையென்றால் நீங்கள் விரல் முழுக்கப் புதைத்துவிட்டீர்கள். விதையின் பருமனைப்போல இரண்டு மடங்கு மண் மேலே இருந்தால் போதும். ஓடு கட்டியதைப் பூவாளியால் நனைத்து, முள்கரண்டியால் மேலோட்டமாகக் கீறிவிடுங்கள், மிச்சம் இருப்பவை பிழைக்கும். அடுத்த தடவை மேலே மணலையோ தும்புத் தூளையோ (தேங்காய் நார்த் தூள்) தூவி மூடுங்கள், மண்ணால் மூடாதீர்கள்.

நன்றாக முளைத்தது, நான்காம் நாள் இடுப்பொடிந்து சாய்கிறது

இதுதான் மார்கழியின் பெரிய நோய். நாற்றழுகல். காலையில் நன்றாக நின்ற நாற்று மாலையில் படுத்திருக்கும், இலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கும், அதனால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு குவளை ஊற்றுவார்கள், மறுநாள் பக்கத்தில் உள்ளதும் படுக்கும். குனிந்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். வெந்நீர் பட்டதுபோல நிறம் மாறி, நூல் மாதிரி மெலிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். வறட்சியில் வாடியது என்றால் தண்டு அடிவரை ஒரே பருமனாக இருக்கும், இலைதான் முதலில் தொங்கும்.

பித்தியம் போன்ற, மண்ணில் எப்போதும் இருக்கும் பூஞ்சாண வகைகள் செய்யும் வேலை இது. ஈரம் நின்று, காற்றோட்டம் இல்லாமல், நாற்று நெருக்கமாக இருந்தால் கிளம்பும். படுத்ததைக் காப்பாற்ற முடியாது. படுத்ததையும் அதைச் சுற்றி நான்கு விரல் தூரத்தில் உள்ள நாற்றுகளையும் மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள், மனசு கேட்காது, ஆனாலும் அள்ளுங்கள். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டரை கிராம் காப்பர் ஆக்சி குளோரைடு (தாமிரப் பூஞ்சாண மருந்து) கலந்து தண்டடியில் ஊற்றலாம். ஊற்றிய பிறகு இரண்டு நாள் தண்ணீரே காட்டாதீர்கள்.

வராமல் தடுப்பதுதான் சுலபம். விதைக்கும் முன் விதையில் ட்ரைக்கோடெர்மா விரிடி (கெட்ட பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம்) பொடியைப் புரட்டிக்கொள்ள வேண்டும், கிலோவுக்கு நான்கு கிராம் என்பது கணக்கு, வீட்டுக்கு வாங்கும் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை. சூடோமோனாஸ் (அதே வேலை செய்யும் பாக்டீரியா) என்றால் கிலோவுக்குப் பத்து கிராம். இவை உயிருள்ளவை, இவற்றைப் போட்ட மண்ணில் உடனே தாமிர மருந்தையும் ஊற்றினால் காசு வீண், ஏதாவது ஒரு வழியில் போங்கள். எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள், உரக்கடைகளிலும் வைத்திருப்பார்கள், தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். கடையில் வாங்கிய விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசியிருந்தால் அது ஏற்கெனவே மருந்திட்டது, அதை வெறுங்கையால் அளையவும் வேண்டாம், மேலே எதையும் புரட்டவும் வேண்டாம்.

மருந்தைவிட முக்கியமானவை இரண்டு. ஒன்று, கூரை. வானம் பார்த்த நாற்று மார்கழியில் பிழைப்பது அதிர்ஷ்டம். நான்கு கம்பு நட்டு மேலே தெளிவான பாலித்தீன் விரித்து, பக்கங்களைத் திறந்து விடுங்கள். பக்கத்தையும் மூடினால் அடுப்பில் ஏற்றிய புட்டுக்குடம்தான், உள்ளே ஆவியில் எல்லாம் வெந்துவிடும். 2017 ஒக்கியும் 2023 டிசம்பர் மழையும் பார்த்த ஊர் இது, தட்டுகளைத் தூக்கித் திண்ணையில் வைக்கிற அளவுக்குச் சிறியதாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. இரண்டாவது, காலையில் மட்டும் தண்ணீர், அதுவும் அடியிலிருந்து. தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து எடுத்தால் மேல்மண் நனையாமல் வேர் குடித்துக்கொள்ளும். சாயங்காலம் ஊற்றிவிட்டுப் படுக்கப் போகிற பழக்கத்தை மாசி வரைக்கும் ஒத்திவையுங்கள்.

நெடுநெடுவென்று வளர்ந்து, வெளிறி, சாய்ந்து நிற்கிறது

அழுகல் இல்லை, வெளிச்சம் போதவில்லை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் ஆடி ஆவணியில் வெயில் அடித்த வடக்கு முற்றம் இப்போது நிழல். போன தடவை நன்றாக வந்த அதே இடத்தில் இந்தத் தடவை ஏன் வரவில்லை என்பதற்குப் பாதி நேரம் இதுதான் பதில். தட்டைத் தெற்கு அல்லது கிழக்குப் பக்கம் மாற்றுங்கள், மாடி இருந்தால் மாடிக்கு. புரையிடத்தில் பலா, தென்னை நிழல் நம் எல்லோருக்கும் உள்ள தொல்லை. நெடுத்துவிட்ட தக்காளியைக் கழுத்து வரை புதைத்து மாற்றி நடலாம், தண்டிலிருந்தே வேர் விடும். கத்தரியையும் முட்டைக்கோஸையும் அப்படிப் புதைக்காதீர்கள், முதல் இலைக் காம்பு வரை போதும். கீரையும் கேரட்டும் நெடுத்தால் கலைத்துவிட்டுப் புதிதாக விதைப்பதே லாபம்.

விதைத் தொப்பி கழலாமல் இலையைக் கவ்விக்கொண்டிருக்கிறது

பாகல், புடலை, தர்ப்பூசணியில் வரும். கையால் பிடுங்கினால் தலையோடு வந்துவிடும். காலையிலும் மாலையிலும் தொப்பி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள், இரண்டு நாளில் தானே கழலும். மேலோட்டமாக விதைத்ததுதான் காரணம், மண் உரசினால்தான் தோல் உரியும்.

மேல்மண் பச்சைப் பாசி, தொட்டால் குட்டிக் கொசு பறக்கிறது

ஈரம் அதிகம் என்று மண் சொல்கிறது, வேறொன்றும் இல்லை. பாசியைச் சுரண்டி எடுத்துவிட்டுக் காய்ந்த மணலை அரை விரல் கனத்துக்குப் பரப்புங்கள். கொசு மாதிரிப் பறப்பதன் புழு மண்ணுக்குள் இளவேரைக் கடிக்கும், மேல்மண் காய்ந்தால் அது பிழைக்காது. வேப்பம்பிண்ணாக்கை இந்த நேரத்தில் அள்ளிப் போடாதீர்கள், ஈரத்தில் அது பூசணம் பிடித்து இன்னும் கொசுவைக் கூப்பிடும்.

முளைத்தது, ஆனால் இலை ஓரம் கருகி, வளராமல் நிற்கிறது

கடற்கரைப் பக்கம் இருக்கிறீர்களா? குளச்சல், மணவாளக்குறிச்சி, ராஜாக்கமங்கலம் பக்கம் பல கிணறுகளில் உப்பு ஏறியிருக்கும். பெரிய செடி தாங்கும், நாற்று தாங்காது. மார்கழியில் இதற்குத் தீர்வு வானத்திலிருந்தே விழுகிறது: ஓட்டுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து நாற்றுக்கு மட்டும் அதை ஊற்றுங்கள்.

உப்பு வரும் இன்னொரு வழி தும்புத் தூள். நம் மாவட்டத்தில் கதம்பல் (தேங்காய் மட்டை) உரிக்கும் இடங்களில் சும்மாவே கிடைக்கும், சும்மா கிடைக்கிறதே என்று மூட்டையாகக் கொண்டுவந்து அப்படியே தட்டில் நிரப்புவதுதான் தப்பு. உப்பங்கழியில் ஊறிய கதம்பல் என்றால் உப்பு கரிக்கும், கொஞ்சம் எடுத்து நாக்கு நுனியில் வைத்தாலே தெரியும். சாக்கில் கட்டி மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்தால் முதல் தடவை கட்டன்சாயா நிறத்தில் இறங்கும், மூன்றாம் தடவை தெளியும். அதற்கப்புறம் கொஞ்சம் மட்கிய உரம் கலந்துதான் பயன்படுத்த வேண்டும், தனித் தூளில் சத்து கிடையாது. நாற்று முதல் இரண்டு இலையோடு மஞ்சளித்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரவோடு இரவாக நாற்று காணாமல் போகிறது

தடயம் பாருங்கள். வெள்ளி மாதிரி மினுங்கும் கோடு இருந்தால் நத்தை. அந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தை வந்துவிட்ட இடத்தில் ஒரே ராத்திரியில் ஒரு தட்டு நாற்று போகும். ஈரச் சாக்கின் அடியில் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ வைத்துவிட்டு, விடியும் முன் சாக்கைத் தூக்கினால் அத்தனையும் அங்கே ஒட்டியிருக்கும். கையுறை போட்டு எடுத்து உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். உப்பைத் தோட்ட மண்ணில் தூவாதீர்கள். தண்டு மண்ணோரம் கத்தியால் வெட்டியதுபோல விழுந்து கிடந்தால் வெட்டுப்புழு, பக்கத்து மண்ணை ஒரு விரல் ஆழம் கிளறினால் சுருண்டு கிடக்கும். மண்ணையே பறித்துப் போட்டிருந்தால் பெருச்சாளி அல்லது மயில். மயிலுக்கு வலையைத் தவிர வேறு வழி கிடையாது, திட்டிப் பயனில்லை.

கொட்டை கிடந்தபடி கிடக்கிறது

இனி கொட்டைகள். இதில் ஒரு பெரிய தவறான எண்ணம் இருக்கிறது: விதை என்றால் நன்றாகக் காய வைத்துத்தான் போட வேண்டும் என்பது. கத்தரிக்கும் வெண்டைக்கும் அது சரி. மா, பலா, அயினி (காட்டுப்பலா), ஜாதிக்காய், கமுகு (பாக்கு), ரப்பர் எல்லாம் நேர் எதிர், காய்ந்தால் செத்துவிடும். வெயிலில் காயப்போட்டுப் பத்திரமாக எடுத்து வைத்த சக்கைக்கொட்டை (பலாக்கொட்டை) கறிக்குத்தான் ஆகும்.

மா. மற்ற மாவட்டங்களில் மாம்பழம் கோடையில்தான். இங்கே இரண்டு மழையும் கிடைப்பதால் கார்த்திகை முதல் மாசி வரை காலம் தப்பிய காய்ப்பு ஒன்று உண்டு, செங்கவருக்கையும் நீலமும் அப்போது வடசேரிச் சந்தையில் கிடைக்கும், அதனால் மார்கழியில் மாங்கொட்டை போடும் வசதி நமக்கு இருக்கிறது. தின்ற கையோடு கொட்டையைக் கழுவி, ஓரிரு நாள் நிழலில் ஆறவிட்டு, மேலோட்டை விளிம்பில் கத்தி கொடுத்துத் திறந்து உள்பருப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள். பருப்பில் கறுப்புத் துளையும் தூளும் இருந்தால் கொட்டை வண்டு தின்றது, தூரப் போடுங்கள். நல்ல பருப்பை, வளைந்த முதுகு மேலே இருக்கும்படி மணலில் முக்கால் பாகம் புதையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். ஓட்டோடு போட்டதும் முளைக்கும், ஆனால் மார்கழி ஈரத்தில் ஓட்டுக்குள் தண்ணீர் நின்று அழுகிவிடுகிற கதை அதிகம். ஒரே கொட்டையில் மூன்று நான்கு கன்று வந்தால் பயப்பட வேண்டாம், மேற்குக் கடற்கரை வகைகள் சிலவற்றின் குணம் அது. அவற்றில் வீரியம் குறைவாக ஒன்று இருந்தால் பெரும்பாலும் அதுதான் மகரந்தம் சேர்ந்து பிறந்த பிள்ளை, மற்றவை தாயின் நகல். செங்கவருக்கை ருசி அப்படியே வேண்டும் என்றால் எதற்கும் ஒட்டுக்கன்றை வாங்குங்கள்.

பலா. சுளையிலிருந்து எடுத்த அன்றே மேலே உள்ள வழுக்கைத் தோலைக் கழுவி, ஒரு நாள் தண்ணீரில் போட்டு, மணலில் கிடத்தி நடுங்கள். மூன்று வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை எடுக்கும், அதற்குள் தோண்டித் தோண்டிப் பார்த்து வேரை ஒடித்துவிடாதீர்கள். முளைத்து, அப்புறம் இரண்டு மாதத்தில் வளர்ச்சி நின்று விட்டதா? பையின் அடியைத் தடவுங்கள், ஆணிவேர் சுருட்டிக்கொண்டிருக்கும். பலாவும் அயினியும் ஆழமான பையில் தொடங்க வேண்டும், இல்லையென்றால் நடுகிற குழியிலேயே போட வேண்டும்.

ஜாதிக்காய். கொட்டையைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால் பருப்பு வற்றிச் சுருங்கிவிட்டது, முளைக்காது. பலசரக்குக் கடையில் இருப்பது அத்தனையும் அந்த வகைதான். மரத்தில் வெடித்து ஜாதிபத்திரியோடு விழுந்ததை, பத்திரியை உரித்துவிட்டு அன்றே ஈர மணலில் போட வேண்டும். ஒன்றரை மாதம் ஆகியும் வராமல் மூன்றாம் மாதம் வருவதும் உண்டு. இவ்வளவு காத்திருந்து வளர்த்தால் ஏறத்தாழப் பாதிக் கன்று ஆண் மரமாகப் போகும், அது பூக்கும் வரை தெரியாது. வீட்டுக்கு ஒரு மரம்தான் வேண்டும் என்றால் ஒட்டுக்கன்றே புத்திசாலித்தனம்.

கமுகு. பழுத்த பாக்கைத் தோலோடு போட வேண்டும், உரித்துப் போட்டதுதான் முளைக்காததற்கு முதல் காரணம். தண்ணீரில் போட்டால் காம்புப் பக்கம் மேலே நிமிர்ந்து மிதக்கும் காயை எடுங்கள், அதேபோல் காம்பு மேலே இருக்க மணலில் மூடி, தினமும் நனைத்து வாருங்கள். ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம்.

தேங்காய்க்கு மட்டும் கொஞ்சம் ஓய்வு வேண்டும். நெட்டை என்றால் நிழலில் ஒரு மாதம், அப்புறம் மணலுக்குள் இரண்டு மாதம் வைத்துத்தான் நாற்றங்காலுக்கு. குட்டை என்றால் நிழலில் ஒரு மாதத்துக்கும் குறைவு. நடும் முன் ஆட்டிப் பார்க்க வேண்டும், தண்ணீர் சத்தம் கேட்காத காயை நடாதீர்கள். மார்கழியில் கிணற்றடியில் தூக்கிப்போட்ட நெற்று தை மாதம் முளைக்கவில்லை என்று கவலைப்படுவதில் அர்த்தம் இல்லை, உள்ளே முளை விட்டாலும் கதம்பலைத் துளைத்து வெளியே வர மாதங்கள் ஆகும். ஆறு மாதம் தாண்டியும் மூக்கு தெரியாவிட்டால் வெட்டிக் கொப்பரைக்குப் போடுங்கள், பிந்தி வரும் கன்றுக்கு வீரியம் இருக்காது. மழை நின்றபின் கரையான் ஏறும், அடியில் மணல் கனமாக இருந்தால் தொல்லை குறைவு.

பனை. "நட்டு நாலு மாசம், ஒரு இலைகூட இல்லை" என்பார்கள். அது இலைக்கு முன் கீழேதான் போகும். கொட்டையிலிருந்து குழாய் மாதிரி ஒன்று மண்ணுக்குள் இறங்கி, அதன் நுனியில்தான் கிழங்கும் கன்றும் உருவாகும். ஆவணி, புரட்டாசியில் புதைத்ததைப் பொங்கலுக்குப் பிடுங்கினால் பனங்கிழங்கு, விட்டால் மரம். கொட்டையை வெட்டிப் பாருங்கள், உள்ளே தவுண் என்கிற பஞ்சுபோன்ற பருப்பு வெள்ளையாக, இனிப்பாக நிறைந்திருந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். கன்று வேண்டுபவர்கள் இடத்தை மாற்றவே கூடாது, இறங்கிய குழாய் ஒடிந்தால் எல்லாம் போச்சு.

முந்திரி, அதாவது நம் கொல்லாங்கொட்டை, மாசி முதல் வைகாசி வரை பறித்ததாக இருக்கும், மார்கழியில் அதற்கு ஏழு முதல் பத்து மாத வயது. இது மட்டும் காய்ந்தும் உயிரோடு இருக்கும் ரகம், இருந்தாலும் வயது ஆக ஆக முளைப்பு குறையும். தண்ணீரில் மூழ்குவதை மட்டும் எடுத்து, ஒன்றிரண்டு நாள் ஊற வைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்து, காம்புப் பக்கம் மேலே இருக்க ஒரு அங்குல ஆழத்தில் நடுங்கள். பதினைந்து இருபது நாளில் வரும். பருப்பு இரண்டாகப் பிளந்து மண்ணுக்கு மேலே வருவதால் அணிலும் காகமும் அதைத்தான் கொத்தும், முதல் இலை விரியும் வரை ஒரு பழைய கூடையைக் கவிழ்த்து வையுங்கள். அண்டி ஆபீசுக்குள் (முந்திரி ஆலை) போய் வந்த கொட்டையை நட்டுப் பயனில்லை, உடைப்பதற்கு முன்பே வறுத்தோ அவித்தோ உயிரை எடுத்திருப்பார்கள்.

ஆன்லைனில் வாங்கிய வால்நட், பாதாம், ஆப்பிள் விதை

இவைதான் உண்மையிலேயே குளிர் கேட்பவை. ஈர மணலோடு ஃபிரிட்ஜில் நான்கைந்து டிகிரியில், இரண்டு மூன்று மாதம் வைத்தால் உறக்கம் கலைந்து முளைக்கும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், ஈரம் குடித்த விதை அங்கே செத்துவிடும். முளைத்த கன்று இங்கே இலையோடு சில காலம் நிற்கும், காய்க்க அதற்கு வருடந்தோறும் குளிர் வேண்டும், அதை நாகர்கோவிலில் யார் கொடுப்பது. பிள்ளைகள் பார்க்கட்டும் என்று செய்தால் சரி. தின்ன வாதுமை வேண்டும் என்றால் ரோட்டோரம் உதிர்ந்து கிடக்கும் நாட்டு வாதாங்கொட்டையைப் பொறுக்கி நேரே மண்ணில் போடுங்கள், ஃபிரிட்ஜ் வேண்டாம். ஆனால் மரம் பெரிதாக விரியும், வீட்டுச் சுவரைவிட்டுத் தள்ளிப் போடுங்கள்.

எல்லாம் சரியாக வந்தது, மாற்றி நட்டதும் வாடுகிறது

தை மாத வேலை இது. கூரைக்குக் கீழே மெத்தென்று வளர்ந்த நாற்றைத் திடீரென்று வெயிலிலும் காற்றிலும் கொண்டு வைத்தால் வாடத்தான் செய்யும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தட்டைத் தினமும் காலை வெயிலில் வைத்து எடுத்து, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள், தண்ணீரையும் கொஞ்சம் குறையுங்கள். நடுவது சாயங்காலம் நான்கு மணிக்கு மேல். மறுநாள் மதியம் தலை தொங்கி, இரவில் நிமிர்ந்துவிட்டால் தொட வேண்டாம். இரவிலும் நிமிரவில்லை என்றால் வேர் அறுந்திருக்கிறது, பாதி இலையைக் கிள்ளிவிட்டு, மேற்குப் பக்கம் ஒரு பாளையைச் சாய்த்து நட்டு நிழல் கொடுங்கள், மூன்று நான்கு நாளில் புதுத் தளிர் வந்ததும் பாளையை எடுத்துவிடலாம்.